பத்தியச் சோறு யாருக்கு?

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் மக்கள் வாயில் நாள்தோறும் வழங்கும் வார்த்தை. சொல்லுகிறவர்கள் அதன் பொருளை உணர்ந்துதான் சொல்லுகிறார்களா என்பதே நம் ஐயம். மறுபிறப்பு என்பது மெய்யானால் பிரசவம் நடந்த வீட்டில் அன்று பிறந்தவர்கள் இருவர். ஒருவர் சிசு, மற்றவர் தாய். இவ்விருவரில் ஒருவரைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டிவிட்டு, மற்றவரை மூலையில் பாய் விரித்துப் படுக்கவைத்து மறந்துவிடுவது எந்த நியாயத்தைச் சேர்ந்தது? மலாக்கா மாநிலத்துத் தோட்டத்தாரும் பட்டணத்தாருமாகிய நம்மவர் முன் இக்கேள்வியை வைத்து ஆராய விரும்புகிறோம்.

பிள்ளை பார்க்க வருகிற உற்றார் உறவினர் கேட்கும் கேள்விகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆணா, பெண்ணா? எடை என்ன? யார் சாயல்? பால் சுரக்கிறதா? இவற்றுள் கடைசிக் கேள்வி ஒன்றுதான் தாயைப் பற்றியதுபோலத் தோன்றும். கூர்ந்து நோக்கினால் அதுவும் பிள்ளையின் ஆகாரத்தைப் பற்றியதேயன்றி அவளைப் பற்றியதன்று. இராத்திரி தூங்கினாயா, வயிறார உண்டாயா, உன் மனம் எப்படி இருக்கிறது என்று அவளை அவளுக்காகவே கேட்கிறவர்கள் மிகச் சிலர்.

சோற்று விஷயமும் இவ்வாறே இருக்கிறது. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் பிரசவ லேகியமும் அவளுக்குக் கொடுக்கப்படுகின்றன. ஏன் என்றால், பால் ஊறும் என்பார்கள். பழமும் சில கீரைகளும் வேண்டிய அளவு தண்ணீரும் அவளுக்கு மறுக்கப்படுகின்றன. ஏன் என்றால், பிள்ளைக்குச் சளி பிடிக்கும், மாந்தம் வரும் என்பார்கள். கொடுப்பதும் பிள்ளைக்காக, மறுப்பதும் பிள்ளைக்காக. இடையே நிற்கும் தாய், சட்டியிலிருந்து சோற்றை எடுத்து ஊட்டுகிற வெறும் கரண்டியாகிறாள். கரண்டிக்குப் பசி உண்டா, துக்கம் உண்டா என்று யார்தான் கேட்பார்கள்?

இப்படிச் சொல்லுவதனால் பத்தியம் முழுவதையும் பழித்து எறியவேண்டுமென்று நாம் கூறுவதாக யாரும் கருதவேண்டாம். இந்நாட்டில் நம்மோடு வாழும் மலாய்க்காரரிடத்தும் 44 நாள் பந்தாங் என்னும் காப்பு வழக்கம் உண்டு. சீனரிடத்தும் இஞ்சியும் எள்ளெண்ணெயும் சேர்த்துச் சமைத்துக் கொடுத்து, ஒரு மாதம் தாயைப் படுக்கையில் வைத்துப் பேணும் வழக்கம் உண்டு. மூன்று சமூகத்தாரும் கூடிப் பேசி இவ்வழக்கங்களை ஏற்படுத்திக்கொள்ளவில்லை. தனித்தனியே வந்தும் மூவரும் ஒரே முடிவைக் கண்டிருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும், அவளுக்கு மற்றவர்கள் ஏவல் செய்யவேண்டும் என்பதே அம்முடிவு. அதில் பேருண்மை இருக்கிறது.

ஆனால் நம் பத்தியத்திற்குள் இரண்டு பொருள்கள் ஒன்றாய்க் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று துணை, மற்றொன்று விலக்கு. தாய்வீட்டார் கூட இருப்பது, எண்ணெய் தேய்த்து வெந்நீர் வார்ப்பது, அவள் கண்ணயரும்போது பிள்ளையை மடியில் ஏந்திக்கொள்வது இவையெல்லாம் துணை. இதைத் தின்னாதே, அதைத் தொடாதே, தாகமெடுத்தாலும் பொறுத்துக்கொள், தீட்டு, தனித்திரு என்பவை விலக்கு. அவளுக்கு உரிமையாகத் தரவேண்டிய ஓய்வையும் நம் முன்னோர் தீட்டு என்ற பெயராலேயே தந்தார்கள் என்பது வருந்தத்தக்கது. எனினும் அந்த நாளில் விலக்கோடு துணையும் இருந்தது. இன்று என்ன இருக்கிறது?

மலாக்காவின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் இம்மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார். மலாயாவில் வியாபாரத்திற்கென்று ரப்பர் வளர்க்கப்பட்டது அங்கிருந்தே தொடங்கிற்று. பின்னர் ஜாசின், அலோர் காஜா பக்கங்களில் எழுந்த தோட்டங்களில் ஆணும் பெண்ணுமாக நம்மவர் பால்மரம் வெட்டினார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய பெண், பெற்ற தாயின் கையை அக்கரையிலேயே விட்டு வந்தாள். இருந்தும் லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக்காரி அவளுக்குத் தாயானாள். ஊரும் சாதியும் வேறாயிருந்தும் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். விடியுமுன் பிரட்டுக்குப் போகவேண்டிய நாள் வந்தபோது, பச்சைக் குழந்தையை ஏந்திக்கொள்ள ஆயா கொட்டகையில் ஒரு கிழவி இருந்தாள். அது போதிய உதவியன்று. எனினும் உதவியாகவாவது இருந்தது.

இன்று ரப்பர் நின்ற நிலங்களில் பெரும்பகுதி செம்பனையாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் பல இடிக்கப்பட்டன. நம்மவரில் பலர் பட்டணத்தருகே தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறியிருக்கிறார்கள். பெண்கள் பத்து பெரண்டாம் போன்ற இடங்களின் தொழிற்சாலைகளில் இராப்பகலாக முறைவைத்து உழைக்கிறார்கள். அடுத்த வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்கிறது. பாட்டி தொலைவிலிருக்கிறாள். அவளால் வந்து சமைத்துப்போட முடியவில்லை. தொலைபேசியில், அதைத் தின்னாதே, இதைக் குடிக்காதே என்று மட்டும் சொல்ல முடிகிறது. ஆகவே துணை போயிற்று. விலக்கு மட்டும் நின்றது. இதில் வியப்பில்லை. விலக்குக்குக் காசு வேண்டாம், நேரம் வேண்டாம், ஒருவர் கையும் நோகவேண்டாம். துணைக்கு இவை யாவும் வேண்டும். செலவில்லாத பாதியைக் காப்பாற்றிச் செலவுள்ள பாதியைக் கைவிட்டுவிட்டு, நாம் பழமையைப் போற்றுகிறோம் என்று பெருமை பேசிக்கொள்கிறோம்!

இதனால் தாயின் உடம்புக்கு வருவது என்ன? முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு, மற்றப் பெண்களுக்கு வேண்டியதற்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி ஆகாரம் வேண்டும் என்பது ஆராய்ந்தோர் கணக்கு. பாலில் பெரும்பகுதி தண்ணீரே. ஆதலால் தாகத்திற்குத் தண்ணீரை மறுப்பதில் ஒரு நன்மையும் இல்லை. பிரசவத்தில் இழந்த இரத்தம் மீள இரும்புச் சத்து வேண்டும். இரத்தச் சோகை மிகுந்த இடங்களில் பிரசவத்திற்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கலாமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முட்டை, நெத்திலி, பயறு, முருங்கைக்கீரை முதலியவை நம் கைக்கெட்டாத பொருள்களல்ல. ஆயினும் வீட்டார் எல்லோரும் உண்டபின் வரக்காப்பியும் நாலு பிஸ்கட்டுமாய்ப் பொழுதைக் கழிக்கும் தாய்மார் நம்மில் எத்தனை பேர்! சோற்றோடு குடிக்கும் காப்பியும் தேநீரும், உண்ட சோற்றிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்காதபடி தடுக்கின்றன என்பதையும் அவளுக்கு யாரும் சொல்லுவதில்லை.

பெண்ணின் பலவீனத்தைப் பெண்ணின் இயற்கை என்று சொல்லிக் கைகழுவுவது உலக வழக்கம். அவ்வழக்கம் பொய்யென்று காட்டிய ஒரு வரலாறு நம் தமிழ்நாட்டையும் தொட்டிருக்கிறது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் 1928ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்தில் ஒருவகை இரத்தச் சோகையால் ஏன் மடிகிறார்கள் என்று ஆராய்ந்தார். குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும் சென்னைக் கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். அவர்கள் உண்ட உணவையும் உண்ணாத உணவையும் கணக்கெடுத்தார். மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட்டைக் கொடுத்தபோது அந்நோய் தீர்வதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அப்பொருளின் உள்ளே இருந்தது இன்று ஃபோலிக் அமிலம் எனப்படும் சத்து. 1941இல் அதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டவர்கள் கீரையிலிருந்தே எடுத்தார்கள். இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லே அதன் பெயராயிற்று. விதியென்று சொல்லப்பட்டது தட்டில் இல்லாத கீரையாய் முடிந்தது.

இனி மனத்தின் விஷயத்திற்கு வருவோம். பிள்ளை பெற்ற சில நாளில் காரணமின்றிக் கண்ணீர் வருவதும் மனம் குழம்புவதும் மிகப் பலருக்கு உண்டு. பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் அது தானே தணிந்துவிடும். தணியாமல் நீடித்து, உறக்கமும் பசியும் கெட்டு, பிள்ளையிடத்தும் பற்றற்று, உயிரே சுமையாகத் தோன்றுமானால் அது நோய். சோம்பலென்றும் திமிரென்றும் அதற்குப் பெயரிடுவது அநியாயம். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்குப் புத்தி பேதலித்து, இல்லாத குரல் கேட்பதும் உண்டு. அதைக் காற்று, கருப்பு என்று சொல்லி வேப்பிலை அடித்துக்கொண்டிருப்பது, தீப்பற்றிய கூரையின் கீழ் அமர்ந்து சோதிடம் பார்ப்பதற்கு ஒப்பாகும். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் அவள் குணமடைவாள்.

வேலூர் அருகே கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் 359 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து பார்த்து, 2002ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. பிரசவத்திற்குப் பின் நூற்றுக்குப் பதினொருவருக்கு இம்மனச்சோர்வு புதிதாக உண்டாயிற்று என்று அது கண்டது. அதைவிட அது கண்ட காரணங்களே நம் கருத்துக்கு உரியவை. வறுமை ஒன்று. ஆண்பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண்பிள்ளை பிறந்தது ஒன்று. மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சீர்கெட்டிருந்தது ஒன்று. கருவுற்ற காலத்தில் நேர்ந்த துன்பங்கள் ஒன்று. கைவேலைக்கு உதவி இல்லாமை ஒன்று. அன்பரே! இவற்றுள் அவள் செய்த குற்றம் எது? வீடு செய்ததை அவள் மனம் சுமக்கிறது. பின்பு அந்த வீடே அவளைப் பார்த்து, உனக்கென்ன குறை என்று கேட்கிறது!

நல்ல சோறு போட்டால் மனநோய் தீர்ந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. இரத்தச் சோகை உடம்பைத் தளர்த்தும். தளர்ந்த உடம்பில் மனம் நிமிர்வது கடினம். அவ்வளவே உறுதியாகச் சொல்லத்தக்கது. ஆயினும் ஒருவர் சமைத்து, எடுத்துவந்து, அருகிலிருந்து பரிமாறும் சோற்றில் சத்தோடு வேறொன்றும் இருக்கிறது. நீ இங்கே இருக்கிறாய் என்பதை நாங்கள் அறிவோம் என்று அது அவளுக்குச் சொல்லுகிறது.

தாயைப் பேணவேண்டும் என்பதற்குப் பெரும்பாலோர் கூறும் நியாயம், அவள் நன்றாயிருந்தால்தான் பிள்ளை நன்றாயிருக்கும் என்பதே. இது உண்மைதான். மனச்சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகள் வளர்ச்சியில் பின்தங்குவதைப் பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். தாயை ஒதுக்கிவிட்டுப் பிள்ளைக்கு நன்மை செய்யப் புறப்பட்டதன் கேட்டை நம் பக்கத்திலேயே கண்டவரும் உண்டு. 1939ஆம் ஆண்டில் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார், சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தார் முன் நின்று, இனிப்புக் கட்டிப்பாலைக் குழந்தை உணவென்று பரப்புவதால் நேரும் சாவுகளைக் கொலையோடு ஒப்பிட்டுப் பேசினார். தாயின் மார்பையும் தாயின் பசியையும் மறந்த குழந்தை நலம் குழந்தையையே கொன்றது.

உண்மையாயினும் இந்த நியாயம் போதாது என்றே நாம் கூறுகிறோம். ஏனெனில், பிள்ளைக்காகத் தாயைப் பேணு என்பதில் தாய் இன்னும் கரண்டியாகவே இருக்கிறாள். முன்பு துரு ஏறிய கரண்டி, இப்போது துலக்கிய கரண்டி, அவ்வளவே. இதைச் சோதித்தறிய ஓர் உரைகல் உண்டு. பிள்ளை இறந்து பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாய்க்கு நாம் கடமைப்பட்டவர்களா, இல்லையா?

அவளுக்கும் அதே வலி. அதே இரத்தம் போயிற்று. குடிக்க வாயில்லாத பால் மார்பில் கட்டிக்கொண்டு நோகிறது. மற்றத் தாய்மாருக்குள்ள ஆறுதலும் இல்லை. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பத்திய அடுப்பு அணைந்துவிடுகிறது. லேகியம் கிண்டுவார் இல்லை. பார்க்க வருவோர் என்ன பேசுவதென்று அறியாமல் வராமலே இருந்துவிடுகிறார்கள். வந்தவர்களும், போனதை நினைக்காதே, அடுத்ததைப் பார் என்று சொல்லிப் போகிறார்கள். மூன்றாம் நாளே அவள் அடுப்படியில் நிற்கிறாள். இதுவன்றோ சாட்சி! நாம் இதுவரை ஊட்டியது அவளுக்கல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவ்விஷயத்தில் சட்டம் நம் வீட்டாரைவிடக் கூர்ந்த பார்வையுடையதாயிருக்கிறது. மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பிரசவம் என்பதற்கு இலக்கணம் கூறும்போது, குழந்தை உயிரோடு பிறப்பினும் உயிரின்றிப் பிறப்பினும் அது பிரசவமே என்கிறது. கருக்காலம் 22 வாரமாவது நிரம்பியிருந்தால் போதும். ஆகவே குழந்தையை இழந்தவளுக்கும் பிரசவ விடுப்பு உண்டு. உடம்பு நொந்தவள் அவள், ஆதலால் ஓய்வு அவளுடையது என்பதே இதன் கருத்து. ஏட்டில் எழுதிய சட்டத்திற்கு இருக்கும் இரக்கம், அவளோடு ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கும் நமக்கு இல்லையென்றால் நாம் வெட்கப்படவேண்டாமா?

இங்குச் சிலர் எழுந்து, எங்கள் பாட்டிமார் பத்துப் பெற்று, மறுமாதமே பால்மரம் வெட்டப் போனார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு ஏது, விடுப்பு ஏது என்று ஆட்சேபிக்கலாம். போனவர்கள் பெருமைக்குரியவர்களே. ஆனால் பத்தில் எத்தனை பிழைத்தன என்றும், ஐந்தாவதிலோ ஆறாவதிலோ மாண்டுபோன பாட்டிமார் எத்தனை பேர் என்றும் அவர்கள் கணக்குச் சொல்லட்டும். பிழைத்தவர்களின் வாயால்தான் பழங்கதை நம்மிடம் வந்து சேருகிறது. மாண்டவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. மேலும், பாட்டி அழவில்லை என்பதற்கும், பாட்டி அழுததை யாரும் கேட்கவில்லை என்பதற்கும் நெடுந்தூரம் உண்டு.

வேறு சிலர், தாய்மை என்பதே தியாகம், அதைக் கணக்குப் பார்ப்பது தாய்மைக்கு இழுக்கு என்பார்கள். தியாகம் உயர்ந்ததே. ஆனால் அது கொடுப்பவர் தம்மைப் பற்றி எண்ணிக்கொள்ளவேண்டிய சொல். வாங்குகிறவர் வாயில் வரத்தகாத சொல். பசித்திருக்க ஒருத்தி தானே இசைந்தால் அது தியாகம். அவள் பசித்திருப்பாள் என்று எண்ணி மற்றவர்கள் வயிறு நிரப்பிக்கொண்டால் அது களவு. களவுக்குத் தியாகமென்று பெயரிட்டு, ஆண்டுக்கொருமுறை அன்னையைப் போற்றி மேடையேறிப் பேசுவதனால் அது புண்ணியமாகிவிடாது.

இனிச் செய்யத்தக்கது என்ன? முதலாவது கடமை கணவனுடையது. 2023 ஜனவரி முதல் இந்நாட்டில் தாய்க்குப் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. ஒரே முதலாளியிடம் ஓராண்டு வேலைசெய்த கணவனுக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அந்த ஏழு நாளையும் வாழ்த்துப் பெறுவதிலும் விருந்து வைப்பதிலும் கழித்துவிடாமல், சமைப்பதிலும் துவைப்பதிலும் இராத்திரி விழித்திருப்பதிலும் அவன் செலவிடட்டும். எட்டாம் நாளும் அவன் தந்தையே என்பதை மறவாதிருக்கட்டும்.

இரண்டாவது கடமை அக்கம்பக்கத்தாருடையது. மாதர் சங்கங்களும் ஆலயக் குழுக்களும் நம் ஊர்களில் உண்டு. பிரசவமான வீட்டுக்கு நாளுக்கொருவராக முறைவைத்து ஒருவேளைச் சோறு கொண்டுபோய்க் கொடுக்க அவைகளால் முடியாதா? பெயர்சூட்டும் விழாவுக்குக் கூடாரமடித்துச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி, ஒரு மாதத்திற்கு உதவிக்காரி ஒருத்தியை அமர்த்தப் போதாதா? இவ்வகை உதவியின் பலன் சோதித்து அறியப்பட்டதே. ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில், மருத்துவரல்லாத சாதாரணச் சுகாதார ஊழியப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற தாய்மாரின் வீடுகளுக்கு அனுப்பி ஆதரவாகப் பேசவைத்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அவ்வாறு பேசப்பெற்றவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கே சோர்வு நீடித்தது. மற்றவர்களில் 53 பேருக்கு நீடித்தது. 2008இல் வெளியான முடிவு இது. பெரும் படிப்போ பெரும் பணமோ இல்லாமல் நடந்த காரியம்.

மூன்றாவது கடமை அறிந்துகொள்வது. அரசாங்கத் தாய்சேய் நிலையத்திலிருந்து வீடு தேடி வரும் மிஸ்ஸியிடம் பிள்ளையின் தொப்புளை மட்டும் காட்டி அனுப்பிவிடாமல், தாயையும் தனியே பேசவிடுங்கள். மாமியாரும் கணவனும் சற்று வெளியே இருக்கட்டும். எடின்பரோ வினாநிரல் என்று 1987 முதல் உலகெங்கும் வழங்கும் பத்துக் கேள்விகள் உண்டு. அவற்றுள் ஒன்று, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கேட்டால் அவ்வெண்ணம் வந்துவிடுமென்று அஞ்சவேண்டாம். கேளாதிருப்பதே ஆபத்து.

தோழர்களே, சகோதரிகளே! நாம் கேட்பது தருமமன்று. தாய்க்குச் சேரவேண்டிய கடன். அவளுக்கு இடும் சோற்றை அவளுக்காக இடுவோம். பால் சுரந்தாலும் சுரக்காவிட்டாலும், பிறந்தது ஆணாயினும் பெண்ணாயினும், தொட்டில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் இடுவோம். அடுத்த முறை பிள்ளை பார்க்கப் போகும்போது முதல் கேள்வியைத் தாயிடம் கேட்போம். கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருப்போம்.